இடம் மாறினாலும் கைப்பழக்கம் மாறாது

வன்னியில் குளத்துத் தண்ணீரை நம்பி நெல்லும் உழுந்தும் விதைத்த ஒருவர், காலத்தின் கோலத்தால் சப்ரகமுவ மலைச்சரிவிலுள்ள இறப்பர் தோட்டமொன்றுக்கு வந்து சேருகிறார். அவர் கையில் பால்வெட்டும் கத்தியைக் கொடுக்கிறார்கள். முதல் நாள் அவருடைய வெட்டு பட்டையைத் தாண்டி மரத்தில் படுகிறது. கங்காணி சத்தம் போடுகிறார். ஆனால் அவருக்கு விடியுமுன் எழுந்து பழக்கமுண்டு. மழை வருமா வராதா என்று வானத்தைப் பார்த்துச் சொல்லத் தெரியும். காயப்பட்ட மரம் என்னவாகும் என்பதும் தெரியும். சில மாதங்களில் அவர் நல்ல பால்வெட்டுக்காரர் ஆகிவிடுகிறார். அவர் தொழில் அறியாதவராக இங்கு வரவில்லை. இந்த மண்ணை அறியாதவராக வந்தார். இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை, இரண்டு முறை, மூன்று முறை இடம்பெயர்ந்து வாழும் நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் யார்?

இருந்தும், நமது பிள்ளைகளின் உத்தியோக விடயத்தில் இந்த உண்மையை நாம் மறந்துவிடுகிறோம். ஓரிடத்தில் பல வருடம் வேலை செய்த பிள்ளை, வேறிடத்துக்கு வந்து வேறு பிரிவில் வேலை செய்ய வேண்டி வரும்போது, "எல்லாம் போச்சு, இனி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்" என்று பெற்றோரே சொல்லிவிடுகிறோம். வேலை கொடுப்பவர்களும் அப்படியே நினைக்கிறார்கள். இந்த எண்ணம் தவறானது என்பதையும், இதனால் நட்டமடைபவர்கள் அப்பிள்ளைகள் மாத்திரமல்லர், நாம் அனைவருமே என்பதையும் தாதியர் தொழிலை வைத்து இங்கு எடுத்துக்கூற விரும்புகிறோம்.

ஒரு குடும்பத்தின் கதை

நம்மிடையே வாழும் ஒரு குடும்பம். பெயர் வேண்டாம். தகப்பனார் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டமொன்றில் லயக்காம்பராவில் பிறந்தவர். 1981 ஆகஸ்ட் மாதக் கலவரத்தின்போது அவருக்கு எட்டு வயது. உடுத்த உடையோடு வவுனியாவுக்குச் சென்ற குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. காடு வெட்டி, கிணறு தோண்டி, பின்னர் கிளிநொச்சி மாவட்டத்தில் வயல் செய்து பிழைத்தார்கள். யுத்தம் அவர்களை விடவில்லை. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தபோது மூத்த மகளுக்குப் பதினான்கு வயது. முகாமின் வைத்தியக் கூடாரத்தில் ஒரு தாதி ஓய்வின்றி வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை, தானும் அப்படி ஆகவேண்டும் என்று அன்று தீர்மானித்ததாகச் சொல்வார்.

மீள்குடியேறிய பின் உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து, 2017இல் தாதியர் பயிற்சிக்குத் தெரிவாகி, மூன்று வருடப் பயிற்சி முடித்து, வட மாகாண வைத்தியசாலை ஒன்றின் மகப்பேற்று விடுதியில் நியமனம் பெற்றார். நான்கு வருடம் அங்கு வேலை செய்தார். திருமணமானது. கணவர் பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் உத்தியோகம் பார்ப்பவர். வயல் செய்த காணிக்கு அனுமதிப்பத்திரம் கிடைக்காமல் அலைந்து களைத்த பெற்றோரும் மகளோடு இங்கு வர முடிவு செய்தார்கள். 1981இல் விட்டுச்சென்ற மலைக்கே தகப்பனார் திரும்பி வந்தார்.

மகள் வருடாந்த இடமாற்றத்துக்கு விண்ணப்பித்தார். 2024இல் இம்மாகாணத்து வைத்தியசாலை ஒன்று கிடைத்தது. அங்கு மகப்பேற்று விடுதியில் இடமில்லை. சிறுநீரக நோயாளரின் இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயலிசிஸ் பிரிவில்தான் ஆள் தேவை என்றார்கள். "நான் பிள்ளை பிறக்கிற இடத்தில் வேலை செய்தவள். அந்த மெசினை நான் தொட்டதும் இல்லை" என்று வீட்டுக்கு வந்து அழுதார். வேலையை விட்டுவிடலாமா என்ற பேச்சுக்கூட எழுந்தது. மாதச் சம்பளமும் பின்னால் வரும் ஓய்வூதியமும் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரியவை என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

முதல் வாரங்கள் கடினமாகவே இருந்தன. நான்கு வருடச் சேவையை யாரும் கேட்கவில்லை. பயிற்சிக்கு வந்த மாணவியைப் போல, கட்டில் விரிக்கவும் கடதாசி கொண்டு ஓடவுமே அவரை வைத்திருந்தார்கள். அவர் தன்னைப் பற்றி எழுதிக் கொடுத்த தாளில், "மகப்பேற்று விடுதியில் நான்கு வருடம்" என்ற ஒரே ஒரு வரிதான் இருந்தது. அதை எழுதிக் கொடுத்தவர்கள் நாமே. பிழை நம்முடையது. அந்த நான்கு வருடத்தில் அவர் என்ன செய்தார் என்பதை அந்த ஒரு வரி எப்படிச் சொல்லும்?

கையில் இருந்ததும் கற்க வேண்டியதும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு உட்கார்ந்து, மகப்பேற்று விடுதியில் செய்த வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னோம். கர்ப்பகாலத்தில் இரத்த அமுக்கம் கூடி, கால் முகம் வீங்கி, சிறுநீரில் புரதம் போகும் தாய்மாரைப் பார்த்திருக்கிறார். வலிப்பு வராமலிருக்க அவர்களுக்கு மகனீசியம் சல்பேற்று ஏற்றும்போது, எவ்வளவு சிறுநீர் போகிறது, மூச்சு எத்தனை தடவை ஓடுகிறது, முழங்காலைத் தட்டினால் அசைகிறதா என்று மணிக்கொரு தரம் பார்த்துக் குறித்திருக்கிறார். பிரசவத்தின்பின் இரத்தம் போகும் தாயின் நாடித்துடிப்பைக் கணத்துக்குக் கணம் கவனித்திருக்கிறார். உடலுக்குள் போன நீர் எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று கணக்கு வைத்திருக்கிறார். இரத்தம் ஏற்றியிருக்கிறார். பயந்து நடுங்கும் பெண்ணின் கையைப் பிடித்துப் பேசியிருக்கிறார்.

இப்போது டயலிசிஸ் பிரிவில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். சிறுநீரகம் செய்ய வேண்டிய வேலையை அங்கு இயந்திரம் செய்கிறது. நோயாளியின் இரத்தம் குழாய் வழியாக வெளியே வந்து, வடிகட்டியினூடாகச் சென்று, கழிவும் மிதமிஞ்சிய நீரும் நீங்கி, மறுபடி உடலுக்குள் போகிறது. ஒரு தடவைக்குச் சுமார் நான்கு மணித்தியாலம். கிழமைக்கு இரண்டு, மூன்று தடவை வர வேண்டும். ஆரம்பத்தில் நோயாளியை நிறுத்துப் பார்த்து, எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்று கணக்கிடுவார்கள். இடையிடையே இரத்த அமுக்கத்தைப் பார்ப்பார்கள். அது திடீரென விழுந்தால் உடனே கவனிக்க வேண்டும். வீக்கம், மூச்சு, நீர்க்கணக்கு, இரத்தப்போக்கு, பயம்: இவையெல்லாம் அவருக்குப் புதியவையா? அல்லவே!

புதியவை வேறு. இயந்திரத்தின் ஒவ்வோர் எச்சரிக்கை ஒலியும் எதைச் சொல்கிறது என்பது புதிது. பயன்படுத்தும் தண்ணீரை எவ்வளவு தூய்மையாக்க வேண்டும் என்பது புதிது. நோயாளியின் கையில் நாடியையும் நாளத்தையும் சத்திரசிகிச்சை மூலம் இணைத்திருப்பார்கள். அதன்மேல் விரலை வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்ப்பதும், அந்த இடத்தில் ஊசி ஏற்றுவதும், அந்தக் கையில் இரத்த அமுக்கம் பார்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடும் புதியவை. ஒருவரின் இரத்தத்திலுள்ள ஈரல் அழற்சிக் கிருமி மற்றவருக்குத் தொற்றாமல் காக்கும் முறைகளும் மேலும் நுணுக்கமானவை.

மனதுக்குப் புதிதாக இருந்த ஒன்றையும் அவர் சொன்னார். மகப்பேற்று விடுதியில் தாய் ஒரு சில நாளில் பிள்ளையோடு வீட்டுக்குப் போய்விடுவாள். டயலிசிஸ் பிரிவுக்கு வருபவர் வருடக்கணக்கில் வருவார். "எப்ப புள்ள எனக்குச் சொகமாகும்?" என்று ஒரு வயோதிபத் தொழிலாளி கேட்டபோது என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நின்றதாகச் சொன்னார். அதற்குப் பழைய விடுதியில் பயிற்சி கிடைத்திருக்கவில்லை.

இரண்டையும் இரண்டு நிரலாக ஒரே தாளில் எழுதினோம். ஒரு பக்கம், "இவற்றை நான் தனியாகச் செய்திருக்கிறேன்." மறுபக்கம், "இவற்றை ஒருவர் அருகில் நின்று காட்டித்தர வேண்டும்." அந்தத் தாளை அவர் பொறுப்புத் தாதியிடம் கொடுத்தார். பொறுப்புத் தாதி அதை வாசித்துவிட்டு, அனுபவமுள்ள ஒருவரோடு அவரைச் சேர்த்துவிட்டார். சில கிழமைகளின் பின் அவர் பெயரும் மற்றவர்களோடு சமமாகக் கடமைப் பட்டியலில் வந்தது. அந்தத் தாளில் அரசாங்க முத்திரை எதுவுமில்லை. தனக்கு எது தெரியும், எது தெரியாது என்பதை நேர்மையாகச் சொன்னது மட்டுமே அதன் பலம்.

மொழியும் ஒரு தகைமையே

இந்த மாகாணத்து வைத்தியசாலைகளில் வேலை பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கிறது. நமது மகளுக்கு வன்னியில் சிங்களம் பழகச் சந்தர்ப்பம் இருக்கவில்லை. இது அவருக்குப் பெருங்குறையாகச் சொல்லப்பட்டது. அதை நாம் மறுக்கவில்லை. அவர் இப்போது மாலை நேரங்களில் சிங்களம் படிக்கிறார், படிக்கத்தான் வேண்டும்.

ஆனால் மற்றப் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒருநாள் சிகிச்சை நடந்துகொண்டிருக்கையில் ஒரு தோட்டத்துப் பெரியவர், "காலு கொரக்களி புடிக்குது, கொரக்களி புடிக்குது" என்று முனகியிருக்கிறார். அருகில் நின்றவர்களுக்கு விளங்கவில்லை. கால் மரத்துவிட்டது என்று நினைத்துத் தலையணையை மாற்றி வைத்தார்கள். நமது மகளுக்கு உடனே விளங்கியது. தசை இழுத்துப் பிடிக்கிறது. உடலிலிருந்து நீர் வேகமாக எடுபடும்போது அப்படி வரும். அனுபவமுள்ள தாதியிடம் சொன்னார். அவர் வேகத்தைக் குறைத்தார். பெரியவருக்கு வேதனை தணிந்தது. "கொரக்களி" என்ற சொல்லை எந்தப் பயிற்சிக் கல்லூரியும் அவருக்குக் கற்பிக்கவில்லை. அவருடைய அப்பாயி கற்பித்தது அது.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியாயிற்று. 2007இல் வந்த சுற்றறிக்கை, அதன்பின் அரச சேவையில் சேருவோர் மற்றைய அரச கரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. சட்டம் இருக்கிறது. ஆனால் நோயாளி இரவு இரண்டு மணிக்கு முனகும்போது சட்டப் புத்தகம் வந்து மொழிபெயர்க்காது. தமிழ் தெரிந்த ஒரு தாதி அந்த விடுதியில் இருக்க வேண்டும். எனவே சிங்களம் தெரியாமை ஒரு குறையாகக் கணக்கெடுக்கப்படுமானால், தமிழ் தெரிந்திருப்பது ஒரு தகைமையாகக் கணக்கெடுக்கப்பட வேண்டும் என்று நாம் கேட்பதில் என்ன தவறு?

நம்மில் தாதியர் ஏன் குறைவு?

தோட்டத் தொழிலாளரின் வைத்திய வசதிக்கென 1872ஆம் ஆண்டிலேயே இந்நாட்டில் ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. தோட்டத்து மருந்துச்சாலை, மருந்துக்காரர், மருத்துவமாது என்ற ஏற்பாடு இன்றும் பல தோட்டங்களில் தொடர்கிறது. எனினும் தோட்டத்துப் பிள்ளைகள் அரசாங்கத் தாதியராக வருவதற்கு வழி அடைபட்டே இருந்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம் முன்னோரை நாடற்றவர் ஆக்கியது. அரச உத்தியோகத்துக்குப் பிரசாவுரிமை வேண்டும். 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 1988ஆம் ஆண்டின் சட்டம், 2003ஆம் ஆண்டின் சட்டம் எனப் படிப்படியாகவே அந்தக் கதவு திறந்தது. கதவு திறந்தபின் இன்னொரு தடை தெரிந்தது. தாதியர் பயிற்சிக்கு உயர்தர விஞ்ஞானப் படிப்பு தேவை. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகளில் விஞ்ஞான உயர்தர வகுப்பு மிக அரிது. எட்டியாந்தோட்டையிலோ இறக்குவானையிலோ உள்ள ஒரு பிள்ளை விஞ்ஞானம் படிக்க விரும்பினால், பெரும்பாலும் வீட்டைவிட்டு வெளியே தங்கிப் படிக்க வேண்டும்.

இத்தனை தடைகளையும் தாண்டி வந்த ஒரு தாதியை, இடம் மாறியதற்காக நாம் இழந்துவிடலாமா? 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் வைத்தியர்களும் தாதியரும் பெருந்தொகையாக நாட்டைவிட்டுச் சென்றார்கள் என்பதையும் இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

இந்த மாவட்டங்களின் நோய்களும் நமக்குத் தெரிந்தவையே. எலிக்காய்ச்சல் மிகுதியாகக் காணப்படும் மாவட்டங்களில் இரத்தினபுரியும் கேகாலையும் அடங்கும். எலி போன்ற பிராணிகளின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் இறங்கி வேலை செய்வோருக்கு, காலிலுள்ள சிறு காயத்தினூடாக அக்கிருமி தொற்றும். வயலில் இறங்குவோரும் மாணிக்கக்கல் குழியில் இறங்குவோரும் அவதானமாக இருக்க வேண்டும். காய்ச்சலோடு தசைநோவும் சிறுநீர்க் குறைவும் கண்டால் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கடுமையானால் சிறுநீரகம் செயலிழக்கும். சிலருக்குச் சில நாட்கள் டயலிசிஸ் செய்து காப்பாற்ற வேண்டிவரும். வயல் வேலைக்கு முன் தடுப்பு மருந்து பெறுவது பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். நாம் சொல்ல வருவது இதுதான்: நமது மகள் தற்செயலாகப் போய்ச் சேர்ந்த அந்தப் பிரிவு, நம் வயலுக்கும் நம் குழிக்கும் மிகவும் அண்மையில் இருக்கிறது.

உயிரோடு விளையாடலாமா?

"தெரியாத பிரிவில் ஒருவரை வேலைக்கு விட்டு, நோயாளியின் உயிரோடு விளையாடலாமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. தாதியர் வேலை மற்றைய வேலைகளைப் போன்றதல்ல. பால்வெட்டுப் பிழைத்தால் மரத்துக்குக் காயம். ஊசி பிழைத்தால் மனித உயிருக்கு ஆபத்து. ஆகவே "எனக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லிக்கொண்டு வரும் தாதியை நாமும் ஆதரிக்க மாட்டோம்.

இதற்கு மறுமொழி, அனுபவமுள்ளவரைக் கட்டில் விரிக்க வைப்பதல்ல. புதிய பிரிவுக்கு வருபவருக்கு, அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வையில் குறிப்பிட்ட காலம் கற்க இடமளிப்பதே முறை. அவருக்குத் தெரிந்ததை ஏற்றுக்கொண்டு, தெரியாததை மட்டும் கற்பிக்க வேண்டும். தாதியருக்கு அடிப்படைப் பயிற்சியின் பின்னரும் விசேட பயிற்சிகள் உண்டு. அவற்றைப் பற்றிய விபரம் தூர இடங்களிலிருந்து மாறி வருவோருக்கு முதலில் கிடைக்க வேண்டும். பெரும்பாலும் கடைசியிலேயே கிடைக்கிறது என்பது நமது கவலை.

அயல்நாட்டு அனுபவம் ஒன்றையும் கூறலாம். 1960களில் கேரளத்திலிருந்து இளம் பெண்கள் கத்தோலிக்க குருமாரின் ஏற்பாட்டில் அன்றைய மேற்கு ஜேர்மனிக்குத் தாதியர் பயிற்சிக்கும் வேலைக்கும் சென்றார்கள். மொழி புதிது, குளிர் புதிது, உணவு புதிது. ஆனாலும் கற்றுத் தேறி, அங்குள்ள வைத்தியசாலைகளின் பாரத்தைச் சுமந்தார்கள். ஆனால் 1970களின் பிற்பகுதியில் ஜேர்மன் தாதியர் போதியளவு இருக்கிறார்கள் என்ற நிலை வந்தபோது, அவர்களில் பலருக்கு அனுமதி நீடிக்கப்படவில்லை. ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. கைத்திறன் மட்டும் போதாது, பத்திரமும் உரிமையும் சேர்ந்திருக்க வேண்டும் என்ற பாடம் அதில் உண்டு. பத்திரமில்லாமல் காணியை இழந்த நமக்கு அதை விளக்கத் தேவையில்லை.

நாம் செய்ய வேண்டியவை

குறைகூறுவதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடியவற்றையும் கூறுகிறோம்.

1. பத்திரங்களைப் பாதுகாத்தல். பிறப்புச் சான்றிதழ், க.பொ.த. பெறுபேறுகள், பயிற்சிச் சான்றிதழ், பதிவுச் சான்றிதழ், நியமனக் கடிதம், சேவைக் கடிதம் ஆகியவற்றின் பிரதிகள் இரண்டு இடங்களில் இருக்கட்டும். ஒன்று உங்களிடம்; மற்றொன்று வேறு ஊரிலுள்ள உறவினரிடம். 2016 மே 17இல் அரநாயக்கவிலும் புளத்கொஹுப்பிட்டிய களுபஹன தோட்டத்திலும் மலை சரிந்தபோது வீடுகளோடு பத்திரங்களும் புதைந்து போயின. பொலித்தீன் உறையில் சுற்றி ஒரே பெட்டியில் வைத்திருந்தால், ஓடும்போது தூக்கிக்கொண்டு ஓடலாம்.

2. புறப்படுமுன் எழுதி வாங்குதல். பழைய இடத்தை விட்டு வருமுன், எந்தெந்த வேலைகளைச் செய்தீர்கள் என்று பொறுப்பாளரிடம் விபரமாகக் கடிதம் பெறுங்கள். "நன்றாக வேலை செய்தார்" என்ற கடிதம் போதாது. எத்தனை வருடம், எந்த விடுதி, என்னென்ன கடமை என்று அதில் இருக்க வேண்டும்.

3. இரண்டு நிரல் தாள். தெரிந்தவை ஒரு பக்கம், கற்க வேண்டியவை மறுபக்கம். நேர்முகப் பரீட்சைக்கோ புதிய விடுதிக்கோ போகும்போது அதைக் கொண்டு செல்லுங்கள். தெரியாததை மறைக்க வேண்டாம். தெரிந்ததைக் குறைத்துச் சொல்லவும் வேண்டாம்.

4. பதிவை விசாரித்தல். இந்நாட்டில் தாதியரைப் பதிவு செய்வது 1988ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தாதியர் சபை. மருத்துவமாதரின் பதிவு இலங்கை மருத்துவச் சபையிடம் உள்ளது. "ஆறு மாதத்தில் தாதியாகலாம்" என்று நகரத்தில் பலகை தொங்கவிட்டிருப்பவர்களிடம் ஆட்டையும் மாட்டையும் விற்றுப் பணம் கட்டுமுன், அந்தச் சான்றிதழை எந்தச் சபை ஏற்றுக்கொள்ளும் என்று கேளுங்கள். எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால் பணமும் போகவேண்டாம்.

5. உதவியாளராக வேலை செய்வோர். தனியார் வைத்தியசாலையிலோ முதியோர் இல்லத்திலோ பல வருடம் பராமரிப்பு வேலை செய்தும் சான்றிதழ் இல்லாத பிள்ளைகள் நம்மிடையே உண்டு. முன் அனுபவத்தைப் பரீட்சித்துத் தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் வழங்கும் முறை இருக்கிறது. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையில் விசாரிக்கலாம். அது தாதியர் பதிவுக்கு ஈடாகாது. எனினும் "அனுபவமில்லை" என்ற பேச்சை அது நிறுத்தும். வெளிநாட்டு வேலை என்றால், முகவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதி பெற்றவரா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

6. வீட்டின் பங்கு. இராக்கடமைக்குப் போகும் மருமகளைப் பற்றி லயத்தில் பேச்சு எழும்போது, அதை முதலில் நிறுத்த வேண்டியவர் மாமியார். விடிய வந்து தூங்கும் பெண்ணைத் தண்ணீருக்கும் விறகுக்கும் அனுப்பாமல் விட வேண்டியவர் கணவர். புதிய பிரிவைக் கற்கும் முதல் மூன்று, நான்கு மாதங்கள் மிகக் கடினமானவை. அந்த மாதங்களில் வீடு தாங்கினால் அந்த உத்தியோகம் நிலைக்கும்.

வைத்தியசாலைகளின் பொறுப்பிலுள்ளவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வேறு மாகாணத்திலிருந்து, வேறு பிரிவிலிருந்து ஒரு தாதி வந்தால், முதல் நாளிலேயே "நீங்கள் இதுவரை என்ன செய்தீர்கள்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குச் செலவில்லை. கேட்காததன் செலவை நோயாளிகள் கட்டுகிறார்கள்.

நமது மகள் இப்போதும் அதே பிரிவில்தான் இருக்கிறார். மகப்பேற்று விடுதியில் இடம் வந்தால் போவாரா என்று அண்மையில் கேட்டோம். சிறிது யோசித்துவிட்டு, "பிள்ளை அழுகிற சத்தம் கேக்க ஆசையாத்தான் இருக்கு. ஆனா செவ்வாய்க்கிழமை வாற அந்த ஐயா என்னைத் தேடுவார்" என்றார். தகப்பனார் திண்ணையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. லயத்துக்குப் பின்னாலுள்ள சரிவில், வன்னியிலிருந்து கொண்டுவந்த உழுந்து விதையை இரண்டு போகம் போட்டுப் பார்த்து, மழை மிஞ்சி அழுகிப் போனதால், இவ்வருடம் அதே பாத்தியில் இஞ்சி நட்டிருக்கிறார். முளை வந்திருக்கிறது.